ஜெசிந்தா அக்கா சொல்லாத வானிலை

செல்போனுக்குள் பாட்டு, செய்தி என்று சரக்கு அனுப்பும் தொழிலில் சரக்கு கண்ணுக்குத் தெரியாது. அதை உண்டாக்கிய ஆளும் தெரியக் கூடாது என்பதுதான் முதலாளிகளின் ஆசை. எங்கள் கம்பெனி ஜெசிந்தா அக்காவுக்குச் செய்தது பச்சை அநியாயம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் போனில் கடல் நிலவரம் சொல்லிவந்த அவர் குரலை, ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினுக்குப் பழக்கிவிட்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நான் அங்கே பகுதிநேரமாகப் போன் எடுக்கிறவள். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். "வரலாறு படிக்கிற பிள்ளதான, நம்ம கம்பெனி வரலாறையும் வெப்சைட்டுக்கு எழுதிக் குடுத்துரு" என்றார் முதலாளி அண்ணாச்சி. யாரோ செய்த தப்புக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு "மன்னிக்கணும் சார்" சொல்லிப் பிழைக்கும் என் சக பாவிகளே, அந்த வரலாற்றில் சேர்க்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டவை இவை.

மெமரி கார்டு காலம்

"தொலைநோக்குப் பார்வையோடு தொடங்கப்பட்ட நிறுவனம்" என்று முதல் வரி எழுதச் சொன்னார் அண்ணாச்சி. விசாரித்தால், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. கடலுக்குப் போகிறவர்களுக்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது பிரதானத் தொழில்.

ஒருநாள் இரண்டு கார்டு மாறிவிட்டது. மாதா கோயில் உபதேசியார் கேட்டிருந்த தவக்காலப் பிரசங்கம் படகுக்குப் போக, படகுக்காரர்கள் கேட்டிருந்த குத்துப்பாட்டு உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டது. உபதேசியார் கார்டைத் திருப்பிக் கொண்டுவர அவசரப்படவே இல்லையாம். படகுக்காரர் மட்டும் கரையேறியதும் நேரே கடைக்கு வந்தார்: "அண்ணாச்சி, படகுல இருந்த அத்தன பேரும் மனந்திரும்பிட்டோம். மீனுதான் திரும்பிக்கூடப் பாக்கல."

காலர் டியூன் காலம்

பிறகு கம்பெனி ஒரு பேக்கரிக்கு மேல்மாடிக்கு ஏறியது. கீழே மக்ரூன் வேகும் வாசனை, மேலே காலர் டியூன் வியாபாரம். போன் எடுக்க ஜெசிந்தா அக்கா சேர்ந்தார். மீனவர் தெருவில் வாழ்க்கைப்பட்டவர், வெடுக்கென்று பேசுவார், குரல் மட்டும் மணி மாதிரி.

ஜன்னலைத் திறந்தால் கடல். பாட்டை மாற்றச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அப்படியே கடல் எப்படி இருக்கிறது என்றும் கேட்பார்கள். அக்கா எட்டிப் பார்ப்பார், கம்ப்யூட்டரில் வானிலை அறிவிப்பையும் பார்ப்பார், சொல்வார். அதுவே நாளடைவில், பணம் கட்டியவர்களுக்கெல்லாம் விடியற்காலையில் அக்கா பேசிப் பதிந்தது போனில் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. கம்பெனியின் கடல் நிலவரச் சேவை பிறந்த கதை இவ்வளவுதான். "பயனர் தேவைகளை ஆழமாக ஆய்வு செய்து" என்று எழுதச் சொல்கிறார் அண்ணாச்சி. எந்த ஆய்வு? அதைத் தொடங்கிவைத்த வாடிக்கையாளர் சொன்னதை அக்கா இன்னும் அப்படியே சொல்லிக்காட்டுவார்: "பாட்டு கெடக்கட்டும் யக்கா, காத்து எப்படி இருக்கு, அதச் சொல்லு மொதல்ல."

மெஷின் காலம்

எங்கள் புரோகிராமர் சுடலை கெட்டவன் இல்லை. அதுதான் கோபமே. கெட்டவனாக இருந்தால் சண்டை போடுவது சுலபம். அக்கா பேசிப் பதிவான பழைய ஆடியோவையெல்லாம் கொட்டி, எதை எழுதிக் கொடுத்தாலும் அக்கா மாதிரியே வாசிக்கும் மெஷின் ஒன்றைச் செய்துவிட்டான். அண்ணாச்சி கேட்டுவிட்டுக் கைதட்டினார். அந்த வாரமே அக்காவிடம், "இனி நீ விடியக்காலம் எந்திரிச்சு வந்து கஷ்டப்பட வேண்டாம்மா" என்றார், ஏதோ சலுகை தருவதுபோல.

"அவங்ககிட்ட கேட்டியா?" என்றேன் சுடலையிடம். "எதுக்கு?" என்றான். அவர் குரல் அது என்றேன். அவன் உண்மையிலேயே புரியாமல் விழித்தான்: "அவங்க குரல் அவங்க தொண்டையில அப்படியேதான இருக்கு? நாம என்ன அறுத்தா எடுத்துட்டோம்?"

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கடற்கரையில் ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அக்கா இருந்தவரை ஞாயிறு போன் போகாது. அதை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. மெஷினுக்கு ஞாயிறும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். விடியற்காலையில் தெரு முழுக்கப் போன் அடித்து, அக்கா குரலில் பேசியது: "இன்று கடலுக்குச் செல்ல உகந்த நாள். தவறாமல் செல்லுங்கள்."

பூசை முடிந்து வெளியே வந்த அக்காவைக் கோயில் வாசலிலேயே மறித்துக்கொண்டார்கள். அது நான் இல்லை, மிசின் என்று அக்கா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அம்மாள் போனைத் தூக்கி அந்தக் குரலையே எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்: "ஏளா, ஒன் வாயால சொல்லிட்டு ஒன் வாயாலயே இல்லங்கியே, எந்த வாய நாங்க நம்ப?"

காற்று எழுந்த நாள்

அதையாவது சிரித்துத் தள்ளலாம். அடுத்து ஒருநாள், முந்தின சாயங்கால அறிவிப்பை எடுத்துக்கொண்டு "காற்று மிதம்" என்றது மெஷின். விடியும்போது வானிலை மையம் எச்சரிக்கையை மாற்றியிருந்தது. அக்கா இருந்தால் பேசுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்திருப்பார். படகுகள் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை, வலைகள் போயின.

அக்காவின் கொழுந்தனும் அந்தக் காற்றில் மாட்டியவர்தான். கிழிந்த வலையை அக்கா வீட்டு வாசலில் போட்டுவிட்டு, முகம் பார்க்காமல் சொன்னாராம்: "மதினி சொன்னாகளேன்னுதான் போனேன்."

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழவில்லை. தெருவில் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வரலாறு எழுதியது

கம்பெனி வரலாற்றில் "கடல் நிலவரச் சேவையைத் தொடங்கியவர் ஜெசிந்தா" என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி அந்த வரியை அடித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். மெஷினை நிறுத்துங்கள், இல்லை அவர் குரலையாவது எடுங்கள் என்றேன். "வாய்ஸ் கம்பெனி சொத்து, வக்கீலம்மா" என்றார். சட்டம் பேசுகிறார்! நான் விடுவேனா? அன்று முதல் போன் எடுக்கும்போதெல்லாம் வணக்கத்துக்கு அடுத்து, "காலையில பேசுனது ஜெசிந்தா அக்கா இல்ல, மெஷின்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற விஷயம். வேலை போனால் போகட்டும்.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகச் சேவையை நிறுத்தச் சொல்லத் தொடங்கினார்கள். அண்ணாச்சியே ஒரு போனை எடுத்துச் சமாதானம் பேசினார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "மிசினு கடலுக்கு வருமா அண்ணாச்சி? வராதுல்லா? அப்ப அது எதுக்கு எங்களப் போகச் சொல்லுது?"

பதில்

கடைசியில் அண்ணாச்சி அக்காவை ஆபீசுக்கு வரச் சொன்னார். மக்ரூன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். திரும்ப வேலைக்கு வா, வரலாற்றில் போட்டோவோடு உன் பெயர் வரும், மெஷின் உன் குரலிலேயே பேசட்டும், நீ சும்மா மேற்பார்வை பார்த்தால் போதும் என்றார். சுடலை தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டைத் துடைத்தான்.

அக்கா மக்ரூனைத் தொடவில்லை. எங்கள் கம்பெனி வரலாற்றில் உருப்படியாக எழுத எனக்குக் கிடைத்த ஒரே வரி, அன்று அவர் அண்ணாச்சிக்குச் சொன்ன பதில்தான்: "மிசினு தாராளமா பேசட்டும் அண்ணாச்சி, ஒங்க குரல்ல பேசட்டும், அது ஒரு தடவ தப்பாச் சொல்லி, தெருவே தெரண்டு ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா, மறுநாளு வானத்தப் பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டிய."