விசில் அடிக்கச் சொன்ன டொக்டர்

எனக்கு அப்போது பதினொரு வயது. ஒரு நாள் காலையில் கிணற்றடியில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் நேரே போகாமல் இடது கடைவாயால் ஒழுகிச் சட்டையை நனைத்தது. ஏச வந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் ஏச்சை மறந்துபோனார். முகத்தின் இடப்பக்கம் அசையவில்லை, கண்ணும் மூடவில்லை.

கண்ணூறு என்றார் பக்கத்து வீட்டு மாமி. செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். இருமல்தான் வந்தது.

முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சுகமாகிவிடும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். "பலூன் ஊதிப் பழகட்டும்."

"நெருப்புப்பெட்டிக்கே வழியில்லை, டொக்டர். பலூனுக்கு எங்கை போறது?" என்றார் அப்பா. போரால் வடக்கே எங்கள் பக்கம் சாமான் எதுவும் வரவிடாத தடைக்காலம் அது.

"அப்ப விசில் அடிக்கட்டும்."

அம்மா கதிரையில் இருந்தபடியே நெளிந்தார். எங்கள் வீட்டில் பொம்பிளைப் பிள்ளை விசில் அடித்தால் வாயிலேயே அடி விழும். இப்போது அதே அம்மா, சோறு போடுமுன் "விசில் அடிச்சனியோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டிவந்தது. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

புளுகமெல்லாம் தங்கச்சியிடம் போகும்வரைதான். ஏழு மாதக் குழந்தை. நான் சிரித்தால் கெக்கட்டமிட்டுச் சிரிப்பவள், இப்போது என்னை உற்றுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீரிட்டு அழுதாள். பள்ளிக்கூடத்தில் "கோணவாய்" என்றவர்களுக்கு நல்லாகக் கொடுத்தேன். இவளுக்கு என்ன சொல்வது? வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் போய் அழுதேன். அழும்போதும் வாய் ஒரு பக்கம்தான் கோணியது, அதை நினைத்து இன்னும் அழுதேன். அதன்பிறகு என் முகம் தெரியாதபடி தோளில் சாய்த்துத்தான் அவளைத் தூக்கினேன்.

ஊதினால் வெறும் காற்றுத்தான் வரும். ஒரு மாதம் கடந்து, ஆறாம் கிழமை ஒரு பின்னேரம், தங்கச்சியைத் தோளில் போட்டபடி முற்றத்தில் ஊதிக்கொண்டு நடந்தேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. தங்கச்சி தலையைத் திருப்பி நேரே என் முகத்தைப் பார்த்தாள். ஒளிக்க நேரமில்லை. வாய் இன்னும் கோணல்தான். பயந்து பயந்து இன்னொருமுறை ஊதினேன். இரண்டு பல்லும் தெரியக் கெக்கட்டமிட்டாள்.

"ஆர் உங்கை விசில் அடிக்கிறது?" என்றார் மாமி வேலிக்கு அப்பாலிருந்து.

அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்த அம்மா, எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றார். பிறகு, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"என்ரை மூத்த மோள்தான், அக்கா. இன்னும் அடிப்பாள்."