கொடியில் கிடந்த பாவாடை

மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம், பாடசாலையிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கும் படிக்கட்டில், ஈர ரப்பர் சருகில் வழுக்கி விழுந்தேன். அந்தப் படியில் எத்தனையோ பேர் வழுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். எனக்கு மட்டும் கணுக்கால் திரும்பி, பாதம் வேறு யாருடையதோ போலப் பக்கவாட்டில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். சொல்லும்வரை அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்றார் டொக்டர். எலும்பு கூடினால் பழையபடி நடக்கலாம், கூடாவிட்டால் மறுபடியும் வெட்டித் திறக்க வேண்டிவரும் என்றும் சொல்லி, இரண்டு ஊன்றுகோல்களோடு வீட்டுக்கு அனுப்பினார்.

வலியை எப்படியோ தாங்கிக்கொண்டேன். துணி துவைக்கிற விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். கணவர் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். விடியும்போதே போய், மரங்களை வெட்டி, பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் தாண்டித்தான் வருவார். வந்ததும் சோறு வடிப்பார். அதுவரைக்கும் சரி. பிறகு என் அழுக்குத் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு, லயத்துக் கோடியில் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போவார். லயத்துப் பெண்கள் எல்லாரும் தண்ணீருக்கும் துவைப்புக்கும் பீலியடியில் கூடுகிற நேரம் அதுதான்.

எங்கள் லயத்தில் ஓர் ஆண் சமைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெண்டாட்டியின் பாவாடையைக் கல்லில் போட்டு அடிக்கிற ஆணை மட்டும் நான் அதுவரை பார்த்ததில்லை. அதுகூடப் போகட்டும். உள்பாவாடையைக் கொடியில் போட்டால் அதன்மேல் ஒரு சேலையையோ துவாயையோ போட்டு மறைக்க வேண்டும். இதை எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை, வயசுக்கு வந்த நாளிலிருந்து கை தானாகச் செய்யும். அவருக்கு அது எப்படித் தெரியும்? வாசலுக்கு நேர் எதிரே உள்ள கொடியில், நாடா தொங்கத் தொங்க, திருவிழாத் தோரணம் மாதிரி விரித்துப் போட்டார். என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் அந்த வழியாகத்தான் போவார்கள்.

"டீச்சருக்கு நல்ல டோபி கெடச்சிருக்காரு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சும்மா கேலிதான். தானே துவைத்துத் தருவதாக முதலிலேயே கேட்டவர் அவர். வேண்டாம் என்றது நான். என் உள்பாவாடையை இன்னொருத்தர் கையில் கொடுப்பதா என்று அதற்கும் ஒரு வீம்பு.

உள்ளதைச் சொன்னால், அவருக்காக நான் கூசவில்லை. அவரைப் பார்த்துத்தான் கூசினேன். பால் கறை பிடித்த சாரத்தை மடித்துக் கட்டி, பெண்களுக்கு நடுவே குந்தியிருந்து சவர்க்காரம் போடுகிற ஆள் என் புருஷன் என்பது எனக்கு அவமானமாக இருந்தது. படித்தவள் போய் ஒரு பால்வெட்டுக்காரரைக் கட்டினாளே என்று ஊர் பேசியதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டிருந்தேன். நன்றாகவே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இனிமே பீலிக்குப் போகாதீங்க. கீழ ஓடையில தொவைங்க. அங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன் ஒருநாள்.

மறுநாளே அவர் வாளியோடு ஓடைக்கு இறங்கினார். ஓடைக்கு இறங்கும் பாதை முழுக்க அட்டை. திரும்பி வந்தவர் வாசலில் நின்று, காலில் ஒட்டியிருந்தவற்றுக்கு உப்பைத் தடவி உதிர்த்தார். ரத்தம் கோடு கோடாக இறங்கியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பீலிக்கே போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. பாவாடைகளும் பழையபடி திறந்த வெளியில்தான் காய்ந்தன.

எலும்பு மிக மெதுவாக வேலை செய்தது. மாதங்கள் போன பிறகுதான், எக்ஸ்ரேயில் லேசாகக் கூடத் தொடங்கியிருப்பது தெரிகிறது என்றார் டொக்டர். அந்த ஒரு சொல் எனக்குக் குருட்டுத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது. ஒருநாள் காலையில், அவர் மலைக்குப் போய் லயம் வெறிச்சோடிக் கிடந்த நேரம், ஒரு பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலில் பீலிக்குப் போனேன். துவைப்பது கஷ்டமாக இல்லை. பிழிவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஊன்றுகோல்களைக் கல்லில் சாய்த்துவிட்டு அந்தக் காலை ஊன்றினேன். உள்ளே ஏதோ பிசகியது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, பாவாடையைக் கொடியில் போட்டு, மேலே ஒரு துவாயை விரித்துவிட்டுப் படுத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு, தெஹியோவிட்ட டவுன்வரை ஆட்டோவிலும் பிறகு பஸ்ஸிலும் கூட்டிப் போனார். டொக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காலை ஊன்றினீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்கிற டீச்சர் நான்.

"மகே வெரெத்த, மாத்தயா" என்றார் பக்கத்தில் நின்ற என் கணவர். தன் தப்பு என்று. கட்டிலிலிருந்து தூக்கும்போது தன் கை நழுவி, என் கால் தரையில் இடித்துவிட்டதாகச் சிங்களத்திலேயே சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி டொக்டர் அவரை ஏசினார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். எனக்குப் புதிதாக மாவுக்கட்டுப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்கச் சொன்னார்கள். இந்தத் தடவையும் கூடாவிட்டால் ஆபரேஷன்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நான் காலை ஊன்றியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்குப் பாவாடை மேல துவாய் கெடந்திச்சு. நான் அப்படிப் போட மாட்டேனே" என்றார். என் ஊன்றுகோல்களை மடியில் சரித்து வைத்துக்கொண்டு, "பொம்பளைங்க அப்படித்தான் போடுவீங்கன்னு எனக்குத் தெரியாது. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். வீடு வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம், நான் வாசலில் கதிரை போட்டு, காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் ஓடையிலிருந்து ஏறி வந்தார். என் பாவாடையைக் கொடியில் போட்டார். மேலே போட வாளியில் சேலையும் இல்லை, துவாயும் இல்லை. தான் துவைத்துக் கொண்டுவந்த தன்னுடைய சாரத்தை எடுத்து உதறி, பாவாடை துளியும் தெரியாதபடி இழுத்துவிட்டு மறைத்தார். அவர் கணுக்காலில் புதிய ரத்தக் கோடுகள் இருந்தன.

"அந்தச் சாரத்த எடுங்க" என்றேன், பீலியடிக்குக் கேட்கும்படி.

அவர் புரியாமல் திரும்பிப் பார்த்தார்.

"எடுங்க. பாவாடைக்கு வெயில் படட்டும். நாளையிலருந்து பீலியிலயே தொவைங்க."

அவர் சாரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பீலியடியில் நின்ற பெண்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். என் முகம் சுட்டது. அப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் உள்ளே போகவில்லை.