கையுறைக்காரர் வெட்டிய முகம்

என் வீட்டுக்காரரை இங்கே எல்லோரும் கையுறைக்காரர் என்றுதான் சொல்வார்கள். பிழைக்க வந்த நாட்டில் அவருக்குக் கட்டட வேலை. ஓய்வு நாளில் கேமரா, மரப்பலகை, உளி. எங்கள் குளியலறைதான் இருட்டறை. ஃபிலிம் கழுவுகிற அன்று யாரும் குளிக்க முடியாது. எடுத்த படத்தைப் பார்த்துப் பலகையில் வெட்டி, மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுப்பார். அதில் ஒரு மனுசர்கூட இருக்கமாட்டார். காலிக் கையுறைகள் மாடிக் கட்டடத்தையே தாங்கிப் பிடித்திருக்கும்.

இந்த அச்சுகளை வைத்த கண்காட்சியில் ஒரு பெரிய மனிதர், "முகமே இல்லாததுதான் எவ்வளவு ஆழம்!" என்று உருகினார். ஆழமாவது மண்ணாவது! எங்களுக்கு இந்த நாட்டில் இருக்கப் பேப்பர் கிடையாது. முகம் வெளியே வந்தால் பிடித்து ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அதனால் யார் முகத்தையும் எடுப்பதில்லை என்று ஒரே பிடிவாதம். "வீட்டுக்குள்ள எடுத்தா என்ன குடியா முழுகிடும்?" என்று சண்டை போட்டேன். கேட்டால்தானே!

அவருடைய தம்பி, என் கொழுந்தன், அவரோடு வேலை பார்த்த கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. ஊருக்கு அனுப்பவும் வழியில்லாமல் இங்கேயே புதைத்தோம்.

ஊரிலிருந்து அத்தை, அவருடைய அம்மா, ஃபோனில் அழுதார். "கடைசியா ஒரு தடவை அவன் முகத்தைப் பாக்கணும்டா. ஒரு ஃபோட்டோ அனுப்பு."

என் வீட்டுக்காரர் இருந்த படங்களையெல்லாம் கொட்டித் தேடினார். தம்பி எல்லாவற்றிலும் இருந்தான்: முதுகு, கை, பிய்ந்த ஷூ. முகம் மட்டும் எதிலும் இல்லை. "நான் ஒரு பாவிடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதே சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

பிறகு உளியை எடுத்தார். சோறு தண்ணியில்லாமல், நினைவிலிருந்தே தம்பியின் முகத்தை வெட்டினார். அப்படியே அவன்தான். மை காய்ந்ததுமே தபாலில் அனுப்பினோம்.

அத்தை கூப்பிட்டார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அவனுக்குத் தழும்பு இடது புருவத்துலதானேடா இருக்கணும்? வலதுல இருக்கே."

என் வீட்டுக்காரர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். பலகையில் இடம் வலம் மாற்றி வெட்டினால்தான் தாளில் நேராக வரும். இத்தனை வருசத்தில் ஒருநாளும் தவறாதவர், தம்பி எதிரே உட்கார்ந்திருப்பதுபோல நேராகவே வெட்டியிருக்கிறார்.

"அம்மா, தப்பு பண்ணிட்டேம்மா. வேற வெட்டி அனுப்பறேன்."

"வேணாம்டா. கண்ணாடி முன்னாடி நிக்கவச்சுத் தலை சீவி விடுவேன்ல, அப்ப எனக்கு இப்படித்தான் தெரிவான். இப்பவும் நான் அவன் பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு."

ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதார். ஆனாலும் எனக்குக் கேட்டது, ஃபோனில் அத்தைக்கும் கேட்டது.