ஸ்டெல்லா போட்ட ஓட்டு

தெப்ராவிலுள்ள எங்கள் வீட்டில் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயத் தத்துவவாதியைப் பற்றிய பாடம். படித்ததை எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"பொறக்கும்போது மனசு வெறும் தாள்தான்மா. நாம பாக்குறதும் படுறதும்தான் அதுல எழுதுது. அப்புறம், மக்கள் சம்மதிக்கலன்னா அது கவர்மெண்டே இல்லயாம்."

எதையோ தப்பாக எழுதி அழித்தாள். அழிப்பானிலிருந்து ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

நான் படித்த செடெனாக் ரப்பர் தோட்டப் பள்ளியில் அது என் வகுப்புத்தோழி ஸ்டெல்லாவின் வாசனை. அவள் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை; வாசனை அழிப்பான் அங்கிருந்து வரும். எங்கள் விரல்களில் ரப்பர் பால் நாற்றம். அவள் விரலில் ஸ்ட்ராபெரி.

ஐந்தாம் ஆண்டில் வகுப்புத் தலைவியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் ஆசிரியர். "நான் வச்சா கேக்கமாட்டீங்க. நீங்களே வச்சா கேட்டுத்தான் ஆகணும்."

போட்டி எனக்கும் அவளுக்கும். மரத்தில் பால் பிடிக்கும் மங்குதான் ஓட்டுப்பெட்டி. தன் பெயரைத் தானே எழுதுவது எங்களுக்குள் வெட்கக்கேடு. நான் கையால் மறைத்துக்கொண்டு என் பெயரை எழுதினேன். ஒரே ஓட்டில் ஜெயித்தேன்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் உனக்குத்தான்டி போட்டேன். நீ எனக்குத்தானே?"

"ஆமாலா" என்றேன்.

அவள் அழிப்பானை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் கொடுத்தாள்.

"வெறும் தாள்னா, எல்லாரும் ஒரே மாதிரிதானேமா ஆரம்பிக்கிறோம்?" என்றாள் மகள்.

"பேசாம படி" என்றேன்.

அதே தோட்டம், அதே வகுப்பு, அதே மங்கு. ஸ்டெல்லாவால் மட்டும் எப்படி என் பெயரை எழுத முடிந்தது? இன்றைக்கு என் பொறாமை அந்த அழிப்பான்மேல் இல்லை.