அடித்தண்ணீர்க் கெளுத்தி

எல்லம்மா மீன்போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து இறால் துழாவுகிறவள். பழவேற்காடு ஏரியின் சேற்றை அவள் கண்ணால் பார்த்ததைவிட விரலால் பார்த்ததே அதிகம்.

மீன் ஆராய்ச்சி செய்யும் பெனிட்டா அவளைத் தேடி வந்தது ஐப்பசி மழைக்குப் பிறகு. ஆரணியாற்றில் கோடுபோட்ட கெளுத்தி; ஏரியில் அதன் பங்காளியான கோடில்லாத கெளுத்தி. நல்ல தண்ணீர் முடிந்து உப்பு தொடங்கும் எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று பெனிட்டாவுக்குத் தெரிய வேண்டும். எல்லம்மா கையால் மீன் பிடிப்பாள். அவள் கணவன் முனியன் படகைக் கழி ஊன்றித் தள்ளுவான். பெனிட்டா படகோரத்தில் உப்புமானியை நனைத்து அளப்பாள். மூன்று மாதத்தில், இதுதான் எல்லை என்று வரைபடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு நேர்க்கோடு வரைந்துவிட்டாள்.

தை மாதம் ஒரு காலை. பனியில் கரை தெரியவில்லை. படகு தண்ணீரில் போகிறதா புகையில் போகிறதா என்றே சொல்ல முடியவில்லை. அந்தக் கோட்டுக்கு மேலே, நல்ல தண்ணீர் ஓடும் காட்டூர்ப் பக்கம், எல்லம்மா மறுபடி கோடில்லாத கெளுத்தி ஒன்றைத் தூக்கினாள்.

"வழி தவறி வந்திருக்கும்க்கா," என்றாள் பெனிட்டா.

எல்லம்மா பறியைப் படகில் வைத்தாள். "மூணு தபாவுமா வயி தவறும்? மேல சில்லுனு கீது, முட்டிக்குக் கீய வெதுவெதுங்குது. அடியில ஏரித்தண்ணி படுத்துனு கீதும்மா."

"மெஷின் நல்ல தண்ணினு காட்டுதே?"

"அத்த மேலாக்கதான முக்குற? என் காலண்ட உடு."

பெனிட்டா வயரை முழுக்க அவிழ்த்தாள். எல்லம்மா அதன் முனையைக் கால்விரல்களில் பிடித்துச் சேற்றருகே இறக்கினாள். எண்கள் ஏறத் தொடங்கின. ஏறிக்கொண்டே போயின.

"இன்னா சொல்லுது?" என்றான் முனியன்.

பெனிட்டா மெஷினை அவனிடம் நீட்டினாள். சுடிதாரோடு தண்ணீரில் இறங்கி நின்றாள். மார்பருகே ஆறு குளிர்ந்து ஓடியது. பாதத்தில் ஏரி அசையாமல் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே, தான் வரைந்த எல்லை சாய்ந்து படுத்திருப்பதை அவள் உடம்பு அறிந்தது. மூன்று மாத வேலை வீண் என்று அழத்தான் நினைத்தாள். ஆனால் வெளியே வர மனமில்லை.

பழைய இடங்களையெல்லாம் மேலும் கீழுமாகத் திரும்ப அளந்தார்கள். கோடை நெருங்கி ஆற்றுத் தண்ணீர் குறையக் குறைய அடியுப்பு ஆற்றில் முன்னேறியது. கோடுபோட்ட கெளுத்தி அதற்கு முன்னால் ஒதுங்கிக்கொண்டே போனது. பங்குனிக் கடைசியில் ஒருநாள், ஒரே சேற்று வளையிலிருந்து இரண்டு வகையும் எல்லம்மாவின் கைகளுக்கு வந்தன. அளந்து முடித்ததும் எல்லம்மாவே இரண்டையும் தண்ணீரில் விட்டாள். கொஞ்ச தூரம் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் போயின.