வெட்டாத வயர்

டிப்ளமோ முடித்து இலுப்பூரில் வாகன எலக்ட்ரிக்கல் கடை போட்ட மூன்றாவது மாதம், என் தாய்மாமா தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பதினொரு வருடம் வளைகுடாவில் கொத்தனார் வேலை செய்து, திரும்பி வந்து வாங்கிய பழைய கார். இனி அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் பிழைக்க வேண்டும். மீன் வியாபாரி ஒருவரை மறுநாள் விடியற்காலை கட்டுமாவடிக்கு ஏற்றிப் போவதுதான் முதல் சவாரி.

"விடியக்காலம் ரோட்டுல ஆடும் மாடும் படுத்துக் கெடக்கு மருமகனே. இந்த மஞ்ச வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. செனான் லைட்டு வாங்கியாந்துட்டேன், மாட்டி விடு."

முதலில் ஹெட்லைட்டைக் குனிந்து பார்த்தேன். உள்ளே வெளிச்சத்தைக் குவிக்கும் உருண்டை லென்ஸ் இருந்தது. அது இல்லாத விளக்கில் செனான் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும். லென்ஸ் இல்லையென்றால் மாமாவாக இருந்தாலும் மாட்டியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வயல் மோட்டார் நின்றாலும் சரி, யாருடைய போன் உறைந்தாலும் சரி, "படிச்ச புள்ள பாத்துக்கும்" என்று என்னிடம்தான் வரும். அதைக் கேட்கும்போது நெஞ்சு நிமிரும், கூடவே பயமும் வரும். அன்று பயம்தான் கூடுதல். இந்தக் காரில் விளக்குகளை நடத்துவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அது எரிந்தால் சவாரியும் இல்லை, மாமாவின் பிழைப்பும் இல்லை. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், மாமா ஒரு செனான் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கண்ணாடியில் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா! கண்ணாடில கை வைக்காதீங்க!"

"புதுப் பொருளுடா. பொட்டு வைக்காம வெறும் பல்பையா மாட்டுவ?"

விரலின் பிசுக்கோ சந்தனமோ கண்ணாடியில் இருந்தால் அந்த இடம் மட்டும் சூடேறி பல்பு போய்விடும் என்றேன். ஸ்பிரிட்டால் துடைத்து வைத்தேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, பல்புக்குக் கரண்டை ஏற்றிக் கொடுக்கும் பேலஸ்ட் பெட்டியை நீட்டினேன்.

"இதோட தகரத்துல வைங்க. சாமிக்கு இந்த எடம் போதும்ல?"

"போதும் போதும். சாமி எடம் பெருசா கேக்காது."

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தனி வயர் இழுத்து, கரண்டைத் திறந்து மூடும் ரிலே ஒன்றை வைத்து, பேலஸ்ட்டுக்குக் கொடுத்தேன். காரின் சொந்த ஹெட்லைட் வயர் அந்த ரிலேவைத் தட்டி எழுப்பினால் போதும், சுமையைத் தூக்க வேண்டியதில்லை. பேலஸ்ட்டுகளை இன்ஜின் சூடும் தண்ணீரும் படாத மூலையில் இறுக்கினேன். காரின் வயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை.

பேட்டரியை மாட்டி சுவிட்சைப் போட்டதும் விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் வந்தது.

"என்னடா கண்ணடிக்குது?" என்றார் மாமா.

பக்கத்து பேட்டரிக் கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி இப்புடிச் சுத்தி வளைக்கிற? வண்டி வயர வெட்டி நேரா பேலஸ்ட்ல குடு. நான் எத்தன வண்டிக்குப் பண்ணிருக்கேன்."

"பழைய வண்டிக்குச் சரிண்ணே. இதுல லைட்டுக்குக் கரண்ட் கம்ப்யூட்டர்லேருந்து வருது. பேலஸ்ட் எந்திரிக்கிறப்ப ஒரே இழுப்பா இழுக்கும். கம்ப்யூட்டர் தாங்காது."

"டிப்ளமோ சொல்லிட்டாருப்பா, எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

மாமா சிரிக்கவில்லை. அவர் கையில் என் கட்டிங் பிளேயர் இருந்தது. "வெட்டிருவமா மருமகனே? விடிஞ்சா சவாரி."

நான் மீட்டரை எடுத்தேன். காரின் ஹெட்லைட் வயரில் வோல்டேஜ் குறைவாக வந்தது, நிலையாகவும் இல்லை. ரிலேயில் விரல் வைத்தால் உள்ளே துடிப்பு. புரிந்துவிட்டது. இந்தக் கார் கரண்டை ஒரே ஓட்டமாக அனுப்பாமல் விட்டுவிட்டு அனுப்புகிறது, ரிலேவும் கூடவே விட்டுவிட்டு அடிக்கிறது. இடைவெளியை நிரப்ப ஒரு கெப்பாசிட்டர் வேண்டும், பழைய பல்பு இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்க ஒரு ரெசிஸ்டரும் வேண்டும்.

"மூணு மணி நேரம் குடுங்க மாமா. புதுக்கோட்டை போயிட்டு வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிளேயரை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "நீ போயிட்டு வா. எவனும் வயர்ல கை வைக்க மாட்டான்."

நான் பைக்கில் திரும்பி வரும்போது, மாமா காரின் பானெட்டை மூடி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கெப்பாசிட்டரை ரிலேவுக்கு முன்னால் மாட்டி, சூடேறும் ரெசிஸ்டரை வயர்கள் உரசாதபடி இரும்புச் சட்டத்தில் இறுக்கி, சுவிட்சைப் போட்டேன். வெள்ளை வெளிச்சம் அசையாமல் நின்றது. எச்சரிக்கை விளக்கு அணைந்தது.

பேட்டரிக் கடை அண்ணன் ரிலேயில் விரல் வைத்துப் பார்த்தார். "துடிக்கலையே" என்றார். பிறகு குனிந்து கெப்பாசிட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தார்.

பொழுது சாயும்போது எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்த்து இறக்கி வைத்தேன். பிறகு எதிரே வரும் பைக்குக்காரன் மாதிரி நானே ரோட்டில் போய் நின்றேன்.

"கண்ணு கூசுதா?" காருக்குள்ளிருந்து கேட்டார் மாமா.

"கூசல மாமா, வாங்க!"

மறுநாள் காலை கட்டுமாவடியிலிருந்து போன் வந்தது.

"வந்து சேந்துட்டோம் மருமகனே. டேஷ்போர்டுல செவப்பு ஒண்ணும் வரல. வழியில ஒரு மாட்ட அம்புட்டுத் தூரத்துலயே பாத்துட்டேன். யாவாரி, மாட்டுனது எந்த ஊரு மெக்கானிக்குன்னு கேட்டாரு. எங்க அக்கா மகன்னு சொன்னேன்."

"மெக்கானிக்குன்னும் சொல்லியிருக்கலாமே மாமா."

"அதையுந்தாண்டா சொன்னேன். அடுத்த வாரம் அவரு வண்டியையும் கொண்டாராராம்."

போனை வைத்துவிட்டு, வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்பே கடை ஷட்டரை மேலே தூக்கினேன்.