அடுப்பில் என்ன எண் வருது, மேடம்?

ஒன்பது வயதில் எனக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். திருவானைக்காவலில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. அம்மா இறந்த பிறகு அதில் நான் மட்டும்தான்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். “எங்களோட வந்து இரும்மா. தனியா இருந்து சமைச்சு என்ன சாதிக்கப் போற?” என்று வாராவாரம் கேட்டான். நான் வாராவாரம் மாட்டேன் என்றேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நான் தனியாக இருக்கலாம், ஆனால் வீட்டில் நெருப்பு இருக்கக் கூடாது. அப்படித்தான் அந்தக் கரண்ட் அடுப்பு வந்தது.

அதன் மேல்பக்கம் முழுதும் வழவழப்பான கண்ணாடி. பட்டன் எங்கே இருக்கிறது என்று கைக்கு ஒன்றுமே தட்டுப்படாது. நகப்பாலிஷைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மேடு உண்டாக்கினேன். அதன் பிறகு அது எனக்கு அடங்கியது. எட்டு மாதம் நன்றாகச் சமைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். புளி கொதித்து, மீனைப் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுப்பு நீளமாக ஒரு முறை கத்திவிட்டு நின்றது. மறுபடி போட்டேன். மூன்று நிமிடத்தில் நின்றது. அதற்கடுத்த முறை ஒரு நிமிடம். பாதி வெந்த மீன் சட்டியில் கிடந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான்.

“அடுப்புல என்ன எண் வருது, மேடம்? இங்கிலீஷ் எழுத்து ஈ, அதுக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும்.”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க. அது கத்துறது மட்டும்தான் கேக்குது.”

“வீட்ல வேற யாராவது இருக்காங்களா, மேடம்?” என்றான்.

“நான் இருக்கேன்.”

“இல்ல மேடம், பார்த்துச் சொல்ற மாதிரி யாராவது. எண் இல்லாம கம்ப்ளைண்ட் ஏத்த முடியாதுங்க. சிஸ்டம் எடுக்காது.”

எத்தனையோ அலுவலகங்களில் கேட்ட கேள்விதான் இது. நான் நேரே நிற்கும்போது, என்னோடு வந்தவரைப் பார்த்து, “இவங்களுக்கு என்ன வேணும்?” என்பார்கள். அன்றைக்கு என் சொந்த அடுப்பே அதைக் கேட்டது போல இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

என் கைப்பேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் செயலி உண்டு. அடுப்பை மறுபடி போட்டு, அது கத்தி நின்றதும் கேமராவைக் காட்டினேன். கம்பெனிப் பெயரை வாசித்தது. எச்சரிக்கை வாசகத்தை வாசித்தது. எரிகிற எண்ணை மட்டும் வாசிக்கவில்லை. நாலு கோணத்தில் பிடித்தும் பயனில்லை.

எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கணவர் துபாயில் இருக்கிறார். அக்காவிடம் உதவி கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. அவரும் மாதத்துக்கு நாலு தடவை வங்கி விஷயமாக என்னைத்தான் கேட்பார்.

அக்கா குனிந்து பார்த்தார். “ஈ போட்டிருக்கு. பக்கத்துல ஆறு. இரு இரு, எட்டா? அல்லாவே, ஒரு கோடு மங்கலா எரியுது. ஆறா எட்டான்னு எனக்கே தெரியலம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

அடுப்போடு வந்த புத்தகத்தைச் செயலி ஒழுங்காக வாசித்தது. ஆறு என்றால் உள்ளே சூடு அதிகம். எட்டு என்றால் சென்சார் பழுது, சேவை மையத்தை அணுகவும். அக்கா போன பிறகு அடுப்பைப் போட்டு, பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டேன். மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரம் இருந்தது. அதற்கு அடியில் வழக்கமாக ஒரு விசிறி சுற்றும். அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். அந்தச் சத்தம் இல்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று நாளாகவே இல்லை. ஏதோ குறைகிறது என்று தோன்றியும் நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அடியில் கை வைத்தேன். பிளாஸ்டிக் சுட்டது.

ஆறுதான். விசிறி நின்றுவிட்டது.

மத்தியானம் அண்ணன் வந்துவிட்டான். அண்ணியிடம் போனில் நான்தான் உளறியிருந்தேன். கையில் டிபன் கேரியர்.

“இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். இதைத் தூக்கிப் போடு. வேளாவேளைக்கு சாப்பாடு நான் குடுத்தனுப்புறேன், இல்லன்னா கிளம்பி வா.”

“விசிறி சுத்தலண்ணா. அவ்வளவுதான்.”

“நீ எங்க பாத்த?”

“கேட்டேன்.”

அவன் அடுப்பைப் போட்டுப் பார்த்தான். “எனக்கு ஓடுற மாதிரிதான் இருக்கு” என்றான். முப்பது வருடம் லேத் சத்தத்தில் நின்றவன். அதை நான் சொல்லிக் காட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். அவன் வண்டியில் எப்போதும் ஒன்று இருக்கும்.

“பிரிச்சா வாரண்டி போயிடும்.”

“கண்ணு தெரியாதவ கம்ப்ளைண்ட்ட எடுக்க மாட்டாங்களாம். அப்புறம் அந்த வாரண்டி யாருக்கு?”

அவன் கீழே போய் எடுத்துவந்தான். “குடு, நானே பண்றேன்” என்று உட்காரப் போனான்.

“என் அடுப்பு. நீ தள்ளி உக்காரு.”

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னான். உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், அது அவனுக்குத் தெரியும், காத்திருந்தேன். பிறகு அடுப்பைக் கவிழ்த்து ஆறு ஸ்க்ரூவையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டேன். அடிமூடி வந்தது. விசிறியை விரல் உடனே கண்டுபிடித்துவிட்டது. தள்ளினேன், அசையவில்லை. இறக்கைகளுக்கு நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு காய்ந்து நொறுங்கும் ஏதோ ஒன்று. வெளியே எடுத்து அண்ணனிடம் நீட்டினேன்.

“ச்சீ, கரப்பான்!”

மூன்று இருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷால் பிசுக்கைத் தேய்த்து எடுத்தேன். விரலால் சுண்டினேன். விசிறி தடையில்லாமல் சுற்றியது. மூடியை மாட்டி, சட்டியை ஏற்றி அடுப்பைப் போட்டேன். அந்தச் சத்தம் திரும்ப வந்தது. குழம்பு கொதிக்க ஆரம்பித்தது.

நான் கொஞ்சம் தலைக்கனமாகத்தான் இருந்தேன். “கேரியரைக் கொண்டுபோ, எனக்குச் சாப்பாடு இருக்கு” என்று சொல்லிவிட்டேன். என் போன் வந்ததும் அண்ணி அவசர அவசரமாகச் சமைத்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். சாயங்காலம் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வந்து சாப்பிட்டான். வந்து இரு என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் கம்பெனியை நான் விடவில்லை. திங்கட்கிழமை முதல் தினமும் போன் செய்தேன். அந்தப் பையனின் மேலாளர், அவருக்கும் மேலே ஒரு அம்மா என்று போய், நாலாம் நாள் எண் இல்லாமலே கம்ப்ளைண்ட் ஏறியது. முடியாது என்ற சிஸ்டம் எடுத்துக்கொண்டது. ஒரு மெக்கானிக் வந்தார். அடுப்பைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு மேடம்? எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?”

“எழுதிட்டுப் போறதுக்கு. பழுது வந்தா கண்ணு தெரியாதவங்களுக்குத் தெரியணும். அது எந்தப் பழுதுன்னு சத்தத்துலயே சொல்லணும். உங்க ஃபாரத்துல எழுதுங்க.”

“இதுக்கு ஃபாரத்துல இடம் இல்லைங்க.”

“பின்பக்கம் எழுதுங்க.”

தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பேனா ஓடியது. எழுதியதை வாசிக்கச் சொன்னேன். ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னேன், மாற்றினார். பிறகு நிஜமாகவே சந்தேகம் வந்தவர் போலக் கேட்டார்.

“அப்ப எட்டாம் நம்பர் பழுதுன்னா எட்டு தடவை கத்தணுமா மேடம்?”

“கத்தட்டும்ங்க. எனக்கு எண்ணத் தெரியும்.”

அதையும் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்து வேண்டும் என்று என் விரலைப் பிடித்து மை தடவப் போனார். கையை இழுத்துக்கொண்டு பேனாவை வாங்கி, என் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.